ஏழாம் கட்டம்

பொன்னுரங்கத்தின் முதுகில்
நீல மையால் முப்பது கட்டம் போட்டேன்.
கட்டத்துக்கு ஒரு பொட்டளவு அலுமினியக் கிண்ணம்,
கிண்ணத்துக்குள் ஒரு துளி சந்தேகம்:
நிக்கல், கோபால்ட், ரப்பர், வாசனைத் திரவியம்,
குரோமியம்.
மேலே பிளாஸ்திரி.

இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது
என்று சொல்லும்போதே நாக்கு கூசியது.
ஷுவைக்கில் ஆகஸ்ட். ஜன்னல் கண்ணாடி
உள்பக்கம் தொட்டாலே சுடுகிறது.
"குளிக்காம இருந்துருவேன் டாக்டரம்மா.
ரெண்டாவதுக்குத்தான்
கம்பெனியில எழுதிக் கேக்கணும்."

விரல் இடுக்கெல்லாம் வெடிப்பு.
கட்டைவிரல் ரேகை அழிந்துபோய்
விமான நிலைய இயந்திரம் மூன்று முறை
அவரை அவரில்லை என்றதாம்.
தான் எது, பிறிது எது என்று
உடம்பு கேட்டுக்கொள்ளும் கேள்விக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஒன்பது வருடம் சிமெண்ட் குழைத்த கை.
ஒன்பது வருடமும் உடம்பு வாய் திறக்கவில்லை.
பிறகொரு செவ்வாய்க்கிழமை
போதும் என்றது.
ஏன் அந்தச் செவ்வாய் என்பதுதான் என் ஆராய்ச்சி.
இன்னும் தெரியாது.

தெரிந்தது இவ்வளவு:
தோலில் தங்கிவிட்ட சில வெள்ளணுக்கள்
ஒருமுறை கண்டதை மறப்பதில்லை.
விடுப்பில் போனால் பதினைந்தே நாளில்
கை ஆறிவிடுகிறது. அவை ஆறுவதில்லை.
திரும்பி வந்து முதல் மூட்டை பிரித்ததும்
வந்துட்டியா என்று எழுந்துகொள்கின்றன.
சாயமேற்றி எண்ணுகிறேன்.
மைனஸ் எண்பதில் உறங்கவைக்கிறேன்.
என் கட்டுரையில் அவர் நாற்பத்தொன்று;
வரைபடத்தில் மற்ற புள்ளிகளைவிடச்
சற்று மேலே தனியாக நிற்கும் புள்ளி.

பத்தொன்பது பேர் ஏன் மறுபடி வரவில்லை என்று
மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்.
ஷிஃப்ட் மாறியது. பஸ் நிற்கவில்லை.
ஒருவருக்கு விசா ரத்து.
"தொடர இயலவில்லை" என்று எழுதினேன்.
அந்தப் பத்தியில் அதற்குமேல் இடமில்லை.

இவர் வந்தார்,
தொண்ணூற்றாறாவது மணி நேரம், இரண்டு பஸ் மாறி.
ஏழாம் கட்டம் சிவந்து தடித்திருந்தது,
கடுகுக் கொப்புளங்களோடு.
இரண்டு கூட்டல் குறி.
"ஏழுல என்னம்மா?"
குரோமியம். சிமெண்ட்டில் இருக்கிறது.
பாதுகாப்புக்கென்று கொடுத்தார்களே தோல் கையுறை,
அதைப் பதப்படுத்தியதும் அதில்தான்.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்சம் உட்கார்ந்திருந்தார்.
சிமெண்ட் ஆகாதென்று தாளில் வந்தால்
டிக்கெட்தான் என்றார்.
பிறகு, மெதுவாக:
"ஏழை அழிச்சிடுங்களேன்."

எண்ணைத்தான் சொன்னார்.
ஸ்பிரிட் பஞ்சு என் கையில் இருந்தது.
அதில் மைதான் போகும்.

தாள் கம்பெனிக்குப் போகாது,
உங்கள் கையில்தான் என்றேன்.
ஆய்வகத்து நைட்ரைல் கையுறை இரண்டு பெட்டி,
கணக்கில் ஏற்றாமல், பையில் வைத்தேன்.
எத்தனை நாளைக்கு என்று இருவரும் கேட்கவில்லை.

தன் முதுகை அவர் பார்த்ததேயில்லையாம்.
பதிவுக்கு எடுத்த படத்தைக் காட்டினேன்.
பெரிதாக்கப் பார்த்தார்.
திரை அந்த விரல்களை ஏற்கவில்லை.
நான் பெரிதாக்கிக் கொடுத்தேன்.
ஏழாம் கட்டத்தைத் தாண்டி
வலது தோள் பக்கம் போய் நின்றார்.
"இது என்ன?"
மச்சம்.
"பொறந்ததுலேருந்தா?"
இருக்கும்.
"இதுக்கு ஒண்ணும் எழுத வேணாமே?"

குறிப்புகள் என்ற கட்டத்தில் எழுதினேன்:
வலது தோளில் ஒரு மச்சம்.
தீங்கில்லை.