தன்மை ஒருமை

ஷெப்பர்ட் அவென்யூ, குடும்ப நீதிமன்றம்.
சத்தியம் செய்து கொடுத்த பிறகு
எனக்கென்று ஒரு "நான்" கிடையாது.
அவள் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்.
அவன் சொன்னாலும் அதேதான்.
இடையில் இருமக்கூட யோசிப்பேன்.

சுகந்தினி சொன்னாள்:
"இந்தப் பிள்ளையை நான் பெத்தனான்.
இவர்தான் தகப்பன்."
பெற்றேன், ஆங்கிலத்தில்,
தீட்டு நின்று மூன்று வருடமான நான்.

கோகுலறஞ்சன் மேசையைப் பார்த்தபடி சொன்னான்:
"நான் இல்லை."
அதையும் சொன்னேன்.
ஒரே காலையில் ஒரு பிள்ளையைப் பெற்று
அதே வாயால் கைவிட்டேன்.

நீதிபதி பாவித்த சொல்லுக்கு
என்னிடம் தமிழ் இருக்கவில்லை.
"தந்தை எனப்படுபவர்" என்றேன்.
பழைய உரைகாரர் ஒருவரை
மேற்கோள் காட்டுவதுபோல் விழுந்தது.
அவன் நிமிர்ந்து பார்த்தான்.
அந்த வருடம் அவனை யாரும்
இவ்வளவு மரியாதையாய் அழைத்திருக்க மாட்டார்கள்.

கன்னத்தின் உட்புறம் பஞ்சுக்குச்சி,
மூன்று பேருக்கும்.
முடிவு வர ஆறு கிழமை.
அதற்குள் நான்
வாடகை கட்டாதவளாய் இருந்தேன்.
சிவப்பு விளக்கில் நிற்காதவனாய் இருந்தேன்.
கொத்துரொட்டிக் கடையின் பங்காளிகள் இருவராகவும் இருந்து
என்னோடு நானே சண்டை பிடித்தேன்.

ஏப்ரலில் திரும்ப வந்தார்கள்.
வாசலில் உப்பும் சேறும்.
அறிக்கையை நீதிபதி வாசித்தார்.
தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒன்பதுகள்,
ஒன்றையும் விடாமல் சொன்னேன்.
அவன் மறுத்துப் பேசவில்லை.

"பிரகடனம்" என்ற சொல்லை எடுத்தேன்.
ஏதோ தேசம் ஒன்று பிறந்ததுபோல்
பெரிதாய்ப் போய்விட்டது.
இன்றிலிருந்து அல்ல,
அவள் பிறந்த நாளிலிருந்தே
இவர் தந்தை.
சட்டத்துக்குப் பின்பக்கமாய் நடக்கத் தெரியும்.

பெயரைக் கேட்பான் என்று நினைத்தேன்.
எங்கள் ஆட்களுக்குக்
கடைசிப் பெயர் என்றால் தகப்பன் பெயர்தானே.
வசனத்தைக்கூட ஆயத்தமாய் வைத்திருந்தேன்.
கேட்கவில்லை.
மகிழ்விழி சுகந்தினி என்று
பள்ளிக்கூடப் பையிலே தாய் எப்போதோ எழுதியாயிற்று.
அது அப்படியே இருக்கட்டும் என்பதுபோல
ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

பிறகு காசு. மாதம் எவ்வளவு, எத்தனையாம் திகதி,
இந்த நாலு வருடத்துக்கு எவ்வளவு.
வேறு ஏதும் சொல்ல இருக்கிறதா என்று கேட்டார்.
அவன் முதல்தரமாக
அவள் பக்கம் திரும்பினான்.

"பிள்ளைக்குக் கச்சான் ஒத்துவருமோ?"

நீதிபதி என்னைப் பார்த்தார்.
சொன்னேன்.
தட்டச்சு நின்றது.

"வராது. சொண்டு தடிச்சுப்போடும்.
ரெண்டு தரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினனான்."

"எனக்கும் அப்பிடித்தான்."

எனக்கும் அப்படித்தான் என்றேன்
சபை கேட்க,
என் குரலில்.

கீழே வந்து படிவம் நிரப்பினேன்.
மொழி: தமிழ். நேரம்: மூன்று மணித்தியாலம்.
பஸ்ஸில் இடம் கிடைத்தது.
கைப்பைக்குள் கச்சான் அல்வா,
வழமையாய் விக்டோரியா பார்க் வரமுன்னம் முடிந்துவிடும்.
அன்றைக்குப் பிரிக்கவில்லை.
சொண்டை ஒருக்கால் தொட்டுப் பார்த்தேன்.