குறிப்பேட்டில் எழுதாதது

இரயுமன்துறை, வலைக்கூடத்தின் மாடி.
பந்தாடுகிறவர்களுக்கு அல்ல,
பார்த்துக் கத்துகிறவர்களுக்கான
ஐந்தாம் ஆண்டுத் திருவிழா,
முதல் ஆலோசனைக் கூட்டம்.
வந்தவர்கள் பதினேழு. நாற்காலி பதினொன்று.
எழுதுவது செயலாளர் ஜெனோவா,
அதாவது நான்.

தேதியில் தொடங்கி
ஒரு மணி நேரம் தேதியிலேயே நின்றது.
தடைக்காலத்தில் எல்லாரும் கரையில் இருப்பார்கள்.
கடலும் கரையில்தான் இருக்கும்.
முந்தின ஆனியில்
வடக்குக் கோல்கம்பத்தைத் தின்றுவிட்டு
வலையை மட்டும் துப்பிவைத்தது.
கிறிஸ்துமஸுக்குக் குடில் போட்டி.
மற்ற ஞாயிறுகளில் யாருக்காவது கல்யாணம்.

"உயிர்ப்பு கழிஞ்ச ரெண்டாம் ஞாயிறு" என்றார் கிளீட்டஸ்.
"அப்பம் போட்டெல்லாம் கடல்லல்லா?
காலரியில இருக்கது ஆரு, காக்காயா?"
"நாங்க என்ன காக்காயா?" என்றாள் பிறிஜிற்றாள்,
கருங்கல் சந்தையில்
சூரைக்கு விலை கூவுகிற அதே தொண்டையில்.
காக்காய் என்ற சொல்லை அடித்தேன்.
தேதி முடிவானது.

கொடி:
தெற்கு வரிசைத் தென்னைகள் பிரேசிலுக்கு,
வடக்கு அர்ஜென்டினாவுக்கு.
ஹாலந்துக்கு ஊரில் ஒரே ஆள், பனிப்பிச்சை.
முப்பது வருஷமாய்த் தோற்றும்
சட்டை மாற்றாதவர்.
அவருக்கு ஒரு முருங்கை.
ஏறக் கூடாது என்ற நிபந்தனையோடு.

மரச்சீனி அறுபது கிலோ.
கறிக்கு மீன் விலைக்குத்தான் வாங்க வேண்டும் என்றதும்
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
இந்த ஊர், மீன், விலைக்கு.

பிறகு வந்தது கோப்பை.
சிறந்த ரசிகர் யார்?
மஞ்சேரியில் ஆட்டம் பார்க்கப் போய்
பைக்கை விற்றுத் திரும்பிய டெல்வினைச் சிலர் சொன்னார்கள்.
கிளீட்டஸ் எழுந்து,
"மேரி ஸ்டார் போட்டுக்காரங்களுக்குக் குடுக்கணும்" என்றார்.
கூடம் சிரிப்பில் குலுங்கியது.

போன திருவிழா ஆட்டம்.
ஒன்றுக்கு ஒன்று, கடைசி நிமிடம்.
வயர்லெஸில் நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.
என் குரல் முதல் படகு வரைதான் எட்டும்;
அது அடுத்ததுக்குச் சொல்லும்,
அடுத்தது அதற்கடுத்ததுக்கு.
நான் கத்திய ஒரு கோல்
லட்சத்தீவு தாண்டிக் கிடந்த மேரி ஸ்டாருக்குப்
போய்ச் சேரும்போது இரண்டாகியிருந்தது.
இங்கே கொடி உயர்ந்து, கோல் செல்லாமல்,
பெனால்டியில் அக்கரைக்காரர்களிடம்
தோற்று, அழுது, கிழங்கு தின்று உறங்கினோம்.
அங்கே பத்தொன்பது நாள் கொண்டாட்டம்.
தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில்
மாலை போட்ட எஞ்சினோடு வந்து இறங்கி
லட்டு நீட்டினார்கள்.
வாங்கித் தின்றோம். என்ன சொல்ல?

"எல்லாம் சரி மக்கா,
கோல் போச்சுல்லா, ஆப்சைடு ஏன் போகல்ல?"
கேட்டவர் பனிப்பிச்சை.
தோல்வி ஒழுங்காக வந்து சேர வேண்டும்
என்று நினைக்கிறவர்.
பதினாறு முகமும் என் பேனாவைப் பார்த்தன.

கொடி உயர்ந்ததை நான் பார்த்தேன்.
விரல் பொத்தானில்தான் இருந்தது.
ஆனால் அதற்கு முன் ஒருமுறை
விரலை எடுத்திருந்தேன்,
எடுத்த இடைவெளியில் கேட்டுவிட்டது:
முதல் படகில் எவனோ
ஐஸ்பெட்டி மூடியைக் கொட்டத் தொடங்கியிருந்தான்.
எட்டு நாளாய் மீன்பாடு இல்லாத படகு.
அந்தப் பெட்டிக்குள்
ஐஸ் மட்டும்தான் இருந்திருக்கும்.
சத்தம் அப்படி இருந்தது.

"பேட்டரி இறங்கிப்போச்சு" என்றேன்.

தீர்மானம் ஏழு:
வயர்லெஸுக்குப் புதிய பேட்டரி,
நாலாயிரத்து இருநூறு ரூபாய்,
ஏகமனதாக நிறைவேறியது.
வழிமொழிந்தவர் பிறிஜிற்றாள்.
அன்று மைக்குக்குப் பக்கத்தில்
என்னோடு இருந்தவள்.
பழைய பேட்டரிக்கு
ஒரு குறையும் இல்லை என்று
அவளுக்கும் தெரியும்.