பத்துப் பத்தாகத்தான் காட்டும்

லாபிஸ் செம்பனை ஆலையின் எடைப்பாலத்தில்
பதினாறு வருஷமாய் உட்கார்ந்திருக்கிறேன்.
குலையோடு வரும் லோரி ஒருமுறை ஏறும்,
கொட்டிவிட்டு வெறுமனே ஒருமுறை.
முதலில் இருந்து இரண்டாவதைக் கழித்தால்
மிச்சம்தான் காசு.
எந்த லோரியும் எடை பார்க்க வெட்கப்பட்டதில்லை.

செகாமட் மருத்துவமனையில்
மிஸ்ஸி என் எண்ணைச் சத்தமாய்ப் படித்தாள்:
நூற்று இருபத்தொன்று.
வரிசையில் யாரோ இருமினார்கள்.
டிரைவர்களுக்கு நானும் சத்தமாய்த்தான் படிப்பேன்.
அன்றிலிருந்து
சீட்டை மடித்துக் கொடுக்கிறேன்.

டாக்டர் அஸ்லினா ஒரு தாளின் பின்பக்கத்தில்
என் இரைப்பையை வரைந்தார்.
நீலப் பேனாவால் கோடு இழுத்து,
இந்தப் பக்கம் போகும், இது இருக்கும் என்றார்.
இருப்பது வாழைப்பழம் அளவு.
பிசாங் மாஸ் இல்லை, கொஞ்சம் பெரியது.

இனிப்புநீர் குறையலாம், ஊசியை நிறுத்தலாம்,
தூக்கத்தில் மூச்சு நிற்காமல் இருக்கலாம்,
முட்டிக்கு இன்னும் சில வருஷம் கிடைக்கலாம்.
எல்லாமே ‘லாம்’.
‘குறையும்’ என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை.
அதனால்தான் நம்பத் தோன்றியது.

“வயித்த வெட்டிட்டா தீபாவளிக்கு என்ன சாப்பிடுவே?”
இது குணாளன்.
“வாயைக் கட்டத் தெரியாதா?”
இது அவர் தங்கை.
கட்டினேன், அம்மா, எத்தனையோ தடவை.
டின் நூற்றெண்பது வெள்ளிக்கு மாவு கரைத்துக் குடித்தேன்.
ஆறு கிலோ போய் எட்டாய்த் திரும்பியது,
ஆ லோங் வட்டி மாதிரி.

கத்திக்கு முன்னால் கொஞ்சம் இறங்கணும் என்றார்கள்.
நாலு மாதம்.
கடைக்குக் காடி எடுக்காமல் நடந்தேன்.
தே தாரிக் போய் தே ஓ கோசோங் வந்தது.
ஒன்பது கிலோ.
போன ஞாயிறு
என் கால்நகத்தை நானே வெட்டினேன்.
நாலு வருஷமாய் யஷ்வினிதான் வெட்டுவாள்,
போனைப் பார்த்துக்கொண்டே.
சுண்டுவிரலில் கோணலாய் வந்தது.
யாரிடமும் சொல்லவில்லை.
சொல்ல அதில் என்ன இருக்கிறது?

இந்த ஊரில் யாரும் நலமா என்பதில்லை,
பசியாறியாச்சா என்பார்கள்.
தே ஆறும், புண் ஆறும், பசியும் ஆறும்.
ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு
ஐஸ்பெட்டி வெளிச்சத்தில் நிற்கும்போது
வயிறு என்னோடு வந்து நிற்பதில்லை.
அங்கே நிற்பது வேறு யாரோ.
அந்த ஆளைக் கோட்டுக்கு எந்தப் பக்கம் வரைவார்கள்?
டாக்டரிடம் கேட்டேன்.
சிரிக்கவில்லை அவர். பேனாவை மூடிவைத்து,
“அதுக்கு வேற டாக்டர், வேற நாள்” என்றார்,
“ஆனா அதுவும் வேணும்.”

சம்மதப் படிவம்
சீட்டுக் கட்டுக்கு அடியில் கிடக்கிறது.
குணாளன் கையெழுத்துக்கு அதில் இடமில்லை.
இரண்டு தரம் தேடிப் பார்த்தேன்.

நேற்று ராத்திரி ஷிப்ட், லோரி வராத நேரம்.
செருப்பைக் கழற்றிவிட்டுப்
பாலத்தில் ஏறி நின்றேன்.
டன் கணக்கில் தாங்கும் இரும்பு,
பத்துப் பத்தாகத்தான் காட்டும்.
பிப்ரவரியில் இப்படி நின்றபோது
வெளிப்பலகையில் 120.
நேற்று 110.
நடுவில் உள்ளதெல்லாம் அதன் கண்ணில் படாது.
எனக்குப் படும்.

வளைவில் லைட் அடித்தது. தவநேசன் லோரி.
உடனே இறங்கவில்லை நான்.
“அக்கா, உங்களுக்கும் சீட்டு அடிக்கணுமா?”
ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான்.

“இருடா,” என்றேன்,
“இன்னும் கழிக்கல.”