இடப்பக்கம் மூன்று விரல்

காட்பாடி, மொட்டை மாடி.
தண்ணீர்த் தொட்டியில் முதுகு சாய்த்தால்
மணல் மூட்டைக்கு எட்டு மீட்டர்.
அதற்கு மேல் வீடு இல்லை.

முனிரத்தினம் என் தலையில் கட்டிய ஏர் ரைஃபிள்.
அடியில் நெம்புகோல்; இழுத்தால்
எண்ணெய் காணாத கீல் மாதிரி முனகும்.
பத்துக் குண்டும் பத்து ஊருக்குப் போகும்.
குறி வைத்தது பிஸ்கட் டின் மூடிக்கு,
உடைந்தது துளசிச் சட்டி.

கட்டையைக் கழற்றிப் பார்த்தேன்.
மூன்று திருகில் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன.
நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்து முறுக்கினேன்
(பூங்காவனத்துடையது, கேட்கவில்லை).
குழலுக்குள் துணி விட்டு இழுத்ததில்
ஒன்பதாவதுதான் வெள்ளையாக வந்தது.
லாங் பஜாரில் தனகோட்டியின் பொன் தராசில்
நூறு குண்டு நிறுத்தேன்.
"இதுக்கு இன்னா செய்கூலி போடட்டும்?" என்றான்.
முப்பத்தொன்று தள்ளுபடி.
வெயிலில் முன்குறி பளபளத்தது,
கற்பூரம் கொளுத்திக் கரி பிடித்தேன்.

கூட்ஸ் வண்டி போனால் மாடியே நடுங்கும்.
நாற்பத்திரண்டு பெட்டி எண்ணி முடியும்வரை
விரல் விசைக்கு வெளியே.

பிறகு ஐந்து.
ஐந்தும் ஒரே ஓட்டை,
புளியங்கொட்டை அகலம்,
நடுப்புள்ளிக்கு இடப்பக்கம் மூன்று விரல் தள்ளி.

இத்தனை நாள் என் தப்பு நாடோடி.
இன்றைக்கு அதற்கொரு கதவு எண் கிடைத்துவிட்டது.
பின்குறியை அரைத் திருகு திருப்பினால் தீர்ந்தது.
திருப்பவில்லை.
மூடியைக் கையில் எடுத்து
அந்த ஓட்டை வழியாகக் கோட்டை மலைப் பக்கம்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கீழேயிருந்து பூங்காவனம்:
"வெள்ளிக்கிழமையும் அதுவுமா
கற்பூர டப்பா எங்க கீது?"