வெட்டிப் பார்த்தது

இருபத்தாறு வருஷம்
பகாவ் ஆலையின் இறக்குமேடையில்
செம்பனைக் குலைகளுக்குத் தரம் சொன்னவன் நான்.
சொன்னவன் என்றால், கத்தியவன்.
லோரி இரைச்சல், கொதிகலன் இரைச்சல், மழை,
எல்லாவற்றுக்கும் மேலே:
பழுத்தது! காய்! அழுகல்! காய்!
அந்தச் சத்தம் கிளம்புகிற இடத்தில்தான்
முதலில் வந்தது.

கோலாலம்பூரில் முப்பத்தைந்து நாள் கதிர்.
கழுத்து கருகி, எச்சில் வற்றி
குரல் மட்டும் திரும்பியது
இரவல் சட்டைபோல் தொளதொளவென்று.
பதினான்கு மாதம் அதைப் போட்டுக்கொண்டு திரிந்தேன்.
பிறகு
அதே இடத்துக்கு அதுவும் திரும்பியது.

குரல்வளை முழுசும் போகும் என்றார்
டாக்டர் நோர்ஹஸ்லிண்டா, மெதுவான மலாயில்.
அதற்குத் தலையாட்டிவிட்டேன்.
இன்னொன்று இருந்தது:
கழுத்தின் இரு பக்கத்து நிணநீர் முடிச்சுகள்.
ஸ்கேனில் சுத்தம். தொட்டுப் பார்த்தாலும் சுத்தம்.
"ஆனால் கதிர் பட்ட கழுத்து.
படம் சொல்வதை முழுதாக நம்ப முடியாது.
எடுக்கலாம் என்கிற டாக்டர்களும் உண்டு,
விட்டுவிடலாம் என்கிறவர்களும் உண்டு.
உங்கள் கட்டி நாணுக்கு மேலேயும் ஏறியிருக்கிறது.
நானாயிருந்தால் எடுப்பேன்.
தோள் கொஞ்சம் படுத்தும்."

குஞ்சரி கேட்டாள்:
"நல்லா இருக்கறத எதுக்கு வெட்டறது?"

இதை ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்
ஆ செங்கின் வாயிலிருந்து.
ஆறு ஏக்கர் சொந்தத் தோட்டம் அவனுக்கு,
லோரியும் அவனே ஓட்டுவான்.
ஒரு நாள் அவன் குலை ஒன்றின் நிறம்
எனக்குப் பிடிக்கவில்லை.
கோடரியால் பிளந்தேன்.
உள்ளே ஆரஞ்சுச் சதை, எண்ணெய் மினுமினுக்க,
ஒரு குறையும் இல்லை.
"வெட்டிப் பாத்து நல்லா இருந்தா
யாரு காசு குடுக்கும்?" என்றான் அவனுடைய தமிழில்.
மேடையே சிரித்தது.
நான் கொஞ்சம் கூடுதலாக.

கையெழுத்துப் போட்டேன்.

ஒன்பது மணி நேரமாம்.
விழித்தபோது இருபுறமும் குழாய்,
குழாய் முனையில் பாட்டில்,
பாட்டிலில் சிவப்பு, நாளுக்கு நாள் வெளிறி
தே ஓ நிறத்துக்கு வந்ததும் பிடுங்கினார்கள்.
மூக்குக்கு வேலை போய்விட்டது.
ஆலைக் கழிவுக்குளத்து நாற்றம் தெரியாமல்
இந்த ஊரில் வாழ்கிறவன்
நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.
காது மடல் யாருடையதோ.
சவரத்தில் கீறினால்
கண்ணாடி சொல்லித்தான் தெரிகிறது.
இரண்டு கையும் தோளுயரத்தில் நின்றுவிடுகின்றன,
கேட் மூடிய லோரிபோல்.

மூன்றாவது வாரம் காகிதம் வந்தது.
வலதில் பத்தொன்பது.
இடதில் இருபத்திரண்டு.
என்னைப் போல ஒரு ஆள்
எங்கேயோ ஓர் அறையில், சத்தமே போடாமல்,
ஒவ்வொன்றாக நறுக்கிப் பார்த்திருக்கிறார்.
ஒன்றிலும் இல்லை.

குஞ்சரி கற்பூரம் காட்டினாள்.
நெஞ்சுக்கு மேல் ஏறாத கைகளால் நானும் கும்பிட்டேன்.
சந்தோஷம்தான்.
சந்தோஷத்துக்குள் மீன்முள்போல ஒன்று,
விழுங்கவும் இல்லாமல்
காறித் துப்பவும் வழியில்லாமல்.

நேற்று ஆ செங் வந்தான், பிஸ்கட் டின்னோடு.
எனக்குக் காது கேட்காததுபோல் கத்திப் பேசினான்.
கழுத்து ஓட்டையைப் பார்க்கக்கூடாதென்று
காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பலகையில் மலாயில் எழுதிக் காட்டினேன்:
நாற்பத்தொன்று. செமுவா பாகுஸ்.
படித்தான். தலையாட்டினான்.
அந்தக் குலையை மறந்திருப்பான்.

பணம் அலமாரி மேல்தட்டில், மைலோ டப்பாவில்.
எட்டிப் பார்த்தேன். கை வழக்கமான இடத்தில் நின்றது.
அவனே எழுந்து எடுத்துக் கொடுத்தான்.
பத்து வெள்ளி ஒன்றை மடித்து
அவன் சட்டைப் பையில் வைத்தேன்.
"ஐயோ, இது எதுக்கு?"

பலகை மேசைமேல்தான் இருந்தது,
எட்டுகிற தூரத்தில்.