அழத் தெரியும்தானே

ஐந்தரைக்கு கார்மன்ற் பஸ்
தருமபுரம் சந்திக்கு வரும்.
அதற்கு முந்திய ஒரு மணித்தியாலம் என்னுடையது.

நெத்தலியாற்றுப் பாலத்தடியில்
ஆளில்லை என்று பார்த்துவிட்டு
அடிவயிற்றிலிருந்து சத்தம் எடுப்பேன்.
முதல் கிழமை தொண்டை கட்டியது.
இரண்டாம் கிழமை
மாடு சாய்த்துக்கொண்டு வந்த பெடியன்
"அந்த அக்காவுக்கு என்னவோ பிடிச்சிட்டுது" என்று
வீடு வீடாய்ச் சொல்லிவிட்டான்.
அம்மா நூல் மந்திரித்துக் கட்டிவிட்டா.
நூல் நிறம் போய் இன்னும் கையில் கிடக்கிறது.
மூச்சு இப்போது
முப்பத்தெட்டு எண்ணுமட்டும் நிற்கிறது.

மணிக்கு எண்பது கொலர்.
கை தைக்கும்,
முகக்கவசத்துக்குள் வாய் தன்பாட்டில் பழகும்:
ழகரம், ளகரம், பிறகு லகரம்.
சுப்பவைசருக்கு
நான் சுவிங்கம் மெல்லுகிறேன் என்று சந்தேகம்.

சனிக்கிழமை பின்னேரம் கிளிநொச்சியில்
ஒரு ரியூற்றறிக்காரன் இரக்கப்பட்டுத் தந்த அறை.
எட்டுப் பேர், ஒரு மின்விசிறி.
படிப்பிக்க ஆளில்லை.
போனில் இறக்கிய புத்தகத்தை
ஆளுக்கொரு அத்தியாயமாய்ப் பிரித்துக்கொண்டோம்.
அனோஜிதாவுக்குக் கிடைத்தது நடை.
சம்பளம் வந்த அன்று நடப்பது எப்படி,
புதுச் செருப்பு கடிக்கக் கடிக்க
கலியாண வீட்டில் நடப்பது எப்படி,
லோன்காரனைக் கண்டும் காணாத மாதிரி நடப்பது எப்படி.
கடைசி நடைக்கு ஒத்திகை தேவைப்படவில்லை.
எட்டுப் பேரும் முதல் தரத்திலேயே பாஸ்.

பிறகு யாழ்ப்பாணத்தில் நடிகர் தேர்வு.
ஒரு நாள் சம்பளமும் வரவுக் காசும் போச்சு.
நான் கொண்டுபோனது ஒரு காப்புறுதிக்காரியை.
பணிவும் பொய்யும்
ஒரே சிரிப்பில் தெரியவேண்டும்.
அதற்காக மூன்று கிழமை
பரந்தனில் ஒருத்தியின் மேசைக்கு முன்னால்
எடுக்கப்போகாத பொலிசியைப் பற்றி
திருப்பித் திருப்பி விசாரித்தேன்.
பேனையை நீட்டும்போது
அவளின் சின்னவிரல் மடங்கும்.
அந்த மடிப்பு மட்டுமே ஒன்பது நாள் வேலை.

டைரக்டர் அதைப் பார்க்கவில்லை.
ஊர் எது என்றார். சொன்னேன்.
"அப்ப அழத் தெரியும்தானே.
நடிக்க வேண்டாம் தங்கச்சி,
சும்மா நினைச்சுக்கொண்டாலே காணும்."

கமெராவில் சிவப்புப் புள்ளி எரிந்தது.

நான் நினைக்கவில்லை.
நினைத்தால் எனக்குக் கண்ணீர் வருவதில்லை,
வாயில் மண் ருசி வரும்,
காது அடைக்கும்,
ஒரு சின்ன ரப்பர் செருப்பு வரும்.
அது ஒருவருக்கும் காட்டுவதற்கு இல்லை.

மூச்சை அரைவாசியில் பிடித்தேன்.
கீழ்த்தாடையைத் தளர்த்தினேன்.
அவருடைய தோளுக்கு மேலே
சுவரில் ஒரு ஆணி,
பார்வையை அதில் மாட்டினேன்.
ஆறுவரை எண்ணினேன்.
ஏழில் இடது கண்.

கட் சொல்ல மறந்து இருந்தவர்
பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி
"பாத்தீங்களே, ரத்தத்திலயே இருக்கு" என்றார்.

நான் கேட்டேன்:
"இன்னொருக்காச் செய்யவா சேர்,
இந்த முறை வலது கண்?"

பகிடி என்று நினைத்துச் சிரித்தார்கள்.
செய்து காட்டினேன்.
பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

கிடைத்தது இரண்டு காட்சி.
தாளில் பெயர் இல்லை:
மகனைத் தேடும் தாய், இலக்கம் மூன்று.
எனக்கு இருபத்துநாலு வயது.
கையெழுத்து வைத்தேன்.
அந்தத் தாய்க்கு முழங்கால் எந்தப் பக்கம் நோகும் என்று
கேட்டேன், அவர்களுக்குத் தெரியவில்லை.
நான்தான் கண்டுபிடிக்கவேண்டும்.

கடைசி பஸ்ஸில்
கொண்டக்டர் மிச்சக் காசைத் தராமல்
வெளியே பராக்குப் பார்த்தான்.
காப்புறுதிக்காரியை எழுப்பினேன்.
சின்னவிரலை மடித்து, கையை நீட்டி,
அந்தச் சிரிப்பைச் சிரித்தேன்.
மிச்சத்தோடு பத்து ரூபாய் கூடத் தந்துவிட்டு
ஆனையிறவு தாண்டுமட்டும்
திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றான்,
எதிலோ கையெழுத்து வைத்துவிட்டவன் போல.