பாதி விலை

ஹாமில்டன், பார்ட்டன் வீதி. பெப்ரவரிப் பனிச்சேறு
கடையின் கால்மிதி வரை வந்திருந்தது.
கிட்டாரின் கழுத்தில் நான்கு திருகுகளைக் கழற்றி
ஊதா விளக்கைப் பிடித்தான் வெண்டல்.
பழைய மெருகென்றால் பச்சையாய் மினுங்கும்.
இது மினுங்கவில்லை.
சந்தையில் மிஞ்சிய மீனின் கண் மாதிரிக் கிடந்தது.

"அறுபத்து நாலு. மரம் அசல், காந்தச்சுருள் அசல்,
நிறம்தான் பொய்.
பாதி விலையை ஒரு டப்பா பெயின்ட் தின்றுவிட்டது."

விற்க வந்த ஆல்சிரா மெடெய்ரோஸ்
கையுறையைக்கூடக் கழற்றவில்லை.
"ஒன்றில்லை, அரை டப்பா" என்றாள்.
"மற்ற அரை எங்கள் லாரிக்கு.
உருக்காலை வேலைநிறுத்தம்.
அவனுக்குச் சும்மா இருக்கத் தெரியாது.
கராஜில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் காய்ந்தன.
லாரி எப்போதோ துருவாய்ப் போயிற்று."

கழுத்துக்கடியில், பிரஷ் எட்டாத குழியில்
கட்டைவிரல் அகலத்துக்கு வெளிர்நீலம்,
பென்சிலில் ஒரு தேதி.

சுரண்டிவிட்டு
மறுபடி நீலமே அடித்தால்? என்று கேட்டேன்.
"அடிக்கலாம்" என்றான் வெண்டல்.
"அப்போது இரண்டு பொய்."

முழு விலைக்கு என் ஒரு வருட வாடகையும் காணாது.
பாதிக்கு, இழுத்துப் பிடித்தால், காணும்.
ஆக, முகம் தெரியாத அந்த மனிதன்
அரை டப்பா செங்கல் நிறத்தால்
எனக்கு எட்டும் உயரத்துக்கு
இதை இறக்கி வைத்திருக்கிறான்.

நன்றி சொல்வதா என்று தெரியவில்லை.
நீலம் அழகாய்த்தான் இருந்தது.

இரவு, மூன்றாம் மாடி, சத்தத்தைக் குறைத்து வைத்து
மடியில் போட்டுக்கொண்டேன்.
மேல்கொம்பின் ஓரத்தில்
பெயின்டோடு உறைந்த ஒற்றை பிரஷ் மயிர்.
நகத்தால் நெருடிப் பார்த்தேன்.
வரவில்லை.